பீவர் பிடிக்க வீட்டிலேயே செய்யும் வாசனைக் கூழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில், பொறி வைத்துப் பிராணி பிடிக்கும் ஒரு வயதான டிராப்பரிடம் கைவேலை கற்று, இப்போது அவருடைய டிராப்லைனில் (பொறிகள் வைக்கும் வழித்தடத்தில்) ஒவ்வொரு பருவமும் கூடவே போய்வருகிறேன். குளமும் ஓடையும் உள்ள நிலத்தை வாங்கிய தமிழ் நண்பர்கள் பலர் பீவர் பற்றிக் கேட்கிறார்கள். அணை கட்டிப் பாதையை மூழ்கடிக்கிறது, மரத்தை வெட்டிச் சாய்க்கிறது என்று ஆரம்பித்து, கடைசியில் "பொறிக்கு இழுக்கும் அந்த வாசனை லூரை நாமே செய்ய முடியுமா?" என்ற இடத்துக்குத்தான் பேச்சு வந்து நிற்கும். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

பீவர் என்றால் நீர்நாய்தானே?

இல்லை. சில அகராதிகள் இரண்டையும் குழப்பிவிடுகின்றன. நீர்நாய் மீன் தின்னும் வேட்டைப் பிராணி. பீவர் எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். மரத்தின் உள்பட்டை, இலை, நீர்ச்செடிகள்தான் அதன் சாப்பாடு. வளர்ந்த வட அமெரிக்க பீவர் பொதுவாக 16 முதல் 30 கிலோ வரை இருக்கும். இரண்டும் ஒரே குளத்தில் திரிவதால் பீவருக்கு வைத்த பொறியில் நீர்நாய் மாட்டிக்கொள்வது உண்டு. எது எது என்று தெரியாமல் பொறி வைக்கக் கூடாது.

லூர் என்பது என்ன? தீனியா?

தீனி வேறு, லூர் வேறு. பீவர் விரும்பித் தின்னும் பாப்ளர் மரக் குச்சியை வெட்டிவைத்தால் அது தீனி. லூர் என்பது வாசனை மட்டுமே. குழைவான ஒரு கூழைக் குச்சி நுனியில் தடவிவைப்பார்கள். பீவருக்குக் கண்பார்வை சுமார்தான், மூக்குதான் எல்லாம். அந்த மூக்கோடு பேசுவதுதான் லூரின் வேலை.

காஸ்டர் என்கிறார்களே, விளக்கெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பெயரில் மட்டும். நம் ஊர்க் காஸ்டர் ஆயில் ஆமணக்கு விதையிலிருந்து வருவது. இங்கே காஸ்டர் என்றால் பீவரின் வாலடியில், ஆசனவாய்க்குப் பக்கத்தில் தோலுக்குள் இருக்கும் இரண்டு பைகள். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. உள்ளே மஞ்சளும் பழுப்புமாக, தோல் பதனிடும் இடத்து வாடையும் புகையும் இனிப்பும் கலந்த ஒரு பொருள் இருக்கும். அதுதான் காஸ்டோரியம். புனுகு தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். புனுகுப் பூனை தன் வாசனையை மரத்தில் தேய்த்துவிட்டுப் போகிறது, பீவர் கரையில் இட்டுவிட்டுப் போகிறது.

இந்தப் பைகள் உண்மையில் சுரப்பிகள் இல்லை. சிறுநீர்ப் பாதையோடு சேர்ந்த பைகள். பீவர் தின்னும் மரப்பட்டைகளில் உள்ள பொருட்கள் உடம்பில் மாறி இங்கே வந்து தேங்குகின்றன. பீனால் வகைப் பொருட்கள் நிறைய, பென்சாயிக் அமிலம், அசிட்டோபீனோன் எல்லாம் இதில் உண்டு. அதனால்தான் இந்த வாசனையை ஆய்வகக் கலவையால் முழுசாக நகலெடுக்க முடிவதில்லை. மரமும் குளமும் பிராணியும் சேர்ந்து செய்தது அது.

பக்கத்திலேயே இரண்டு பைகள் இன்னும் இருக்கின்றனவே?

அவை எண்ணெய்ச் சுரப்பிகள். பீவரை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம், இந்த எண்ணெய்தான் சொல்லும். வட அமெரிக்க பீவரில் ஆணின் எண்ணெய் பழுப்பாக, கெட்டியாக இருக்கும். பெண்ணுடையது வெளிறி, நீர்க்க இருக்கும். வாசனைக் கூழில் இதையும் கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் காஸ்டரோடு கலந்து உலர வைக்காதீர்கள். காஸ்டரை ஏலத்துக்கு விற்பதாக இருந்தால் எண்ணெய் பட்டது விலை இறங்கும்.

ஒரு பீவர் ஏன் இந்த வாசனையைத் தேடி வர வேண்டும்?

இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

பீவர் குடும்பமாக வாழும். ஒரு ஜோடி, இந்த வருடக் குட்டிகள், போன வருடக் குட்டிகள். குளமும் கரையும் அந்தக் குடும்பத்தின் சொத்து. இரண்டு வயதான பிள்ளைகள் வசந்தத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிப் புது இடம் தேடிப் போகும். பனிக்கட்டி உருகி ஓடை திறக்கும் அந்த நேரத்தில்தான் எல்லாக் குடும்பங்களும் தங்கள் எல்லையை உறுதிசெய்கின்றன. தண்ணீருக்கடியிலிருந்து சேற்றையும் அழுகிய இலையையும் முன்னங்காலால் அணைத்துக்கொண்டு வந்து கரையில் குவித்து, அதன்மேல் காஸ்டோரியத்தை இட்டுவிட்டுப் போகும். கையளவு சேறாகவும் இருக்கலாம், ஓரடி உயர மேடாகவும் இருக்கலாம். இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை அது.

அந்த இடத்தில் அந்நியன் ஒருவனின் வாசனை வந்தால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? நீந்தி வந்து மோந்து பார்த்து, கரையேறி, அந்த மேட்டைக் காலால் கலைத்து, தன் வாசனையை அதன்மேல் இட்டுவிட்டுத்தான் போவார். நார்வேயில் ஃபிராங்க் ரோசெல்லும் அவருடைய குழுவினரும் ஐரோப்பிய பீவர்களிடம் இதை மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் டிராப்பருக்கு நேரடியாக உதவும். பக்கத்துக் குடும்பத்தின் வாசனைக்குப் பீவர் காட்டும் கோபம் குறைவு. முன்பின் தெரியாத தூரத்து பீவரின் வாசனைக்குத்தான் கொதிக்கிறது. தினமும் பார்க்கும் அடுத்த வீட்டுக்காரரைப் பொறுத்துக்கொண்டு, தெரியாத ஆள் வாசலில் நின்றால் எழுந்துபோய்க் கேட்கிறோமே, அப்படி.

ஆக, லூர் என்பது ஒரு அந்நியனின் கையெழுத்து. கையெழுத்து உண்மையாக இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், வேற்றூர்க்காரனுடையதாக இருக்க வேண்டும். பட்டை, கிராம்பு, பெப்பர்மின்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். புதிதாகச் செய்பவர்கள் எண்ணெய்க் குப்பிகளில் பணத்தைப் போட்டுவிட்டுக் காஸ்டரில் கஞ்சத்தனம் காட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

காஸ்டரை எப்படி எடுப்பது, எப்படி உலர்த்துவது?

தோலை உரித்த பிறகு வாலடியைச் சுற்றிப் பார்த்தால் நீண்ட பேரிக்காய் வடிவத்தில், சுருக்கங்களோடு இரண்டு பைகள் தெரியும். அவற்றுக்குக் கீழே மழமழவென்று, இளஞ்சிவப்பாக இருப்பவை எண்ணெய்ச் சுரப்பிகள். கத்தி நுனியால் குத்தாமல், விரலால் பிரித்துப் பிரித்து ஜோடியாகவே எடுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் தசையை விட்டுவைத்தால் கம்பியில் மாட்ட வசதி. உள்ளிருப்பது கசியும்போல இருந்தால் வாயை நூலால் கட்டிவிடுங்கள்.

காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்தால் மேலே காய்ந்து உள்ளே வெந்துவிடும். சில வாரங்களில் வெளித்தோல் கறுத்து, அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பதம் வரும். கூழ் செய்ய அது போதும், கல்லாகக் காய வேண்டியதில்லை.

எந்தக் குளத்தில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டுங்கள். ஏன் என்பது மேலே படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு குளத்துக் காஸ்டரை அடுத்த பள்ளத்தாக்கில் பயன்படுத்த வேண்டும், அதே குளத்தில் அல்ல.

சரி, செய்முறை சொல்லுங்கள்.

நாங்கள் வசந்தத்துக்குச் செய்வது மிகவும் எளிமையானது.

அரைக்காய்ந்த காஸ்டர்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு குளங்களிலிருந்து. கத்தியால் பொடியாக நறுக்கி, கையால் சுற்றும் இறைச்சி அரவையில் இரண்டு முறை அரைக்கிறோம். (அந்த அரவை அப்புறம் சமையலுக்கு ஆகாது. இதற்கென்று பழையது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.) நான்கு பங்கு காஸ்டருக்கு ஒரு பங்கு கிளிசரின். மருந்துக் கடையில் கிடைப்பதே போதும். கிளிசரின் இரண்டு வேலை செய்கிறது: கூழைச் சீக்கிரம் காயவிடாது, குளிரில் எளிதில் உறையவிடாது. ஒரு பெரிய ஜாடிக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய்ச் சுரப்பி எண்ணெய். மரக்கரண்டியால் கலக்கினால் இட்லி மாவைவிடக் கெட்டியாக, வடை மாவைவிடத் தளர்வாக வரும். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் கிளிசரின் ஊற்றிக்கொள்ளலாம்.

அகல வாய்க் கண்ணாடி ஜாடியில் போட்டு, குளிர்ச்சியான இருட்டில் மூன்று, நான்கு வாரம் வையுங்கள். முதல் நாள் வாசனை தனித்தனியாக அடிக்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஒரே வாசனையாகக் கூடியிருக்கும். இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய காலத்து டிராப்பர்கள் என்ன சேர்த்தார்கள்?

இதற்கு நல்ல எழுத்துச் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்கு நடந்தும் படகிலும் போன லூயிஸ், கிளார்க் பயணத்தில், 1806 ஜனவரி 7 அன்று, கொலம்பியா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே கிளாட்சாப் கோட்டையில் இருந்தபடி மெரிவெதர் லூயிஸ் தன் நாட்குறிப்பில் பீவர் இரையின் செய்முறையை முழுசாக எழுதிவைத்தார். அவர்களுடைய வேட்டைக்காரர் ஜார்ஜ் ட்ரூயார் முந்தின நாள் மாலை பொறியில் ஒரு பீவரைப் பிடித்திருந்தார்.

நான்கு அவுன்ஸ் குப்பியில் நான்கு முதல் ஆறு காஸ்டர்களைப் பிதுக்கிப் போட வேண்டும். பாதி ஜாதிக்காய், 12 முதல் 15 கிரெயின் கிராம்பு, 30 கிரெயின் பட்டை, எல்லாம் பொடித்தது. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், அதாவது கிராம்பு ஒரு கிராமுக்கும் குறைவு, பட்டை இரண்டு கிராம். மேசையில் வைக்கும் கடுகு விழுதின் பதம் வரும்வரை சாராயம் ஊற்ற வேண்டும். உடனே பயன்படுத்தலாம், நான்கைந்து நாளில் இன்னும் வீரியம் கூடும், காற்றுப் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும் என்கிறார். சாராயம் இல்லாவிட்டால் பீவரின் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்தே ஈரம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஒரு மைல் தூரத்திலிருந்தும் பீவர் இதை மோந்துவிடும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் எழுதுகிறார்.

நம் சமையலறைப் பட்டையும் கிராம்பும் கப்பலேறி, அந்தக் காட்டுக்குள்வரை போயிருப்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தக் குறிப்பில் நான் மிகவும் மதிப்பது லூயிஸின் ஒரு சந்தேகத்தை. காஸ்டரின் வாசனைக்குக் கொஞ்சம் வித்தியாசம் கொடுப்பது மட்டும்தான் மசாலாவின் வேலை என்று தோன்றுகிறது, அப்படியானால் வேறு எந்த நறுமணப் பொருளும் ஆகும் என்கிறார். எனக்குத் தெரிந்தவரை அவர் கணிப்பு சரி. மசாலா சேர்த்தும் சேர்க்காமலும் ஒரே ஓடையில் வைத்துப் பார்த்திருக்கிறோம். காஸ்டர் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் வரும், காஸ்டர் பழசானால் இரண்டுக்கும் வராது.

இலையுதிர் காலத்துக்கும் இதே கூழ்தானா?

வேலை செய்யும், ஆனால் வசந்தத்தின் வேகம் இருக்காது. இலையுதிர் காலத்தில் பீவரின் கவனம் எல்லாம் குளிர்காலத்துக்குக் கிளை சேர்ப்பதில். அப்போது தீனி வாசனை எடுபடும். பால்சம் பாப்ளரின் மொட்டுகள் பிசுபிசுவென்று இனிப்பான மணத்தோடு இருக்கும். குளிர்காலக் கடைசியில் பறித்து, நசுக்கி, கிளிசரினில் மூழ்கவைத்து அடுத்த இலையுதிர் காலம்வரை ஊறவிடுங்கள். ஆஸ்பன் மரத்தின் பச்சை உள்பட்டையைச் சீவி அதோடு சேர்க்கலாம். இதில் ஐந்தில் ஒரு பங்கு காஸ்டர் கூழ். பிறகு பெப்பர்மின்ட் எண்ணெய் சில சொட்டு, அல்லது வசம்பு எண்ணெய். ஆமாம், பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே வசம்பு. இங்கே சதுப்பு நிலங்களில் அந்த இனத்துச் செடி தானாக வளர்கிறது.

எண்ணெய்களில் அளவு தாண்டாதீர்கள். ஜாடியைத் திறந்ததும் மிட்டாய்க் கடை வாசனை அடித்தால் அது கெட்டுப்போன லூர்.

எங்கே, எவ்வளவு வைக்க வேண்டும்?

பீவர் கரையேறும் வழுக்குப் பாதைகள், இரண்டு ஓடைகள் சேரும் இடம், அணையின் ஓரம், ஏற்கெனவே வாசனை மேடு இருக்கும் கரை. குளத்தடியிலிருந்து இரண்டு கை சேற்றை அள்ளி, தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குவியுங்கள். பட்டை உரித்த வெள்ளைக் குச்சி ஒன்றை அதில் செருகி, நுனியில் சுண்டைக்காய் அளவு கூழ். அவ்வளவுதான். நெல்லிக்காய் அளவு அப்பினால் இரு மடங்கு வேலை செய்யாது, பீவர் சந்தேகப்பட்டுத் தள்ளி நின்றுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மழை பெய்தால் மறுபடி தடவ வேண்டும். இல்லாவிட்டால் குச்சிக்கு மேல் ஒரு பிர்ச் மரப்பட்டையைக் குடைபோலச் செருகிவையுங்கள். கூழைக் கையாலோ பொறியின் மேலோ தடவாதீர்கள். தனிக் குச்சியால் எடுத்து, அந்தக் குச்சியையே நட்டுவிட்டு வந்துவிடுங்கள். காற்று குளத்தை நோக்கி வீசும் கரை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

குளம் உறைந்த பிறகு?

பனிக்கட்டிக்கு அடியில் லூரால் பிரயோஜனம் குறைவு. தண்ணீருக்குள் பீவர் மூக்கை அடைத்துக்கொள்ளும். அங்கே பச்சை பாப்ளர் குச்சிதான் இரை.

நான் செய்த கூழ் நுரைத்து நாற்றம் அடிக்கிறது. ஏன்?

சதை சேர்ந்திருக்கும். காஸ்டோரியம் லேசில் அழுகாது, அதைச் சுற்றியுள்ள கொழுப்பும் தசையும் அழுகும். என் முதல் ஜாடியில் அதைத்தான் செய்தேன். பச்சைக் காஸ்டரைக் கொழுப்போடு அரைத்து, மூடியை இறுக்கி, வெப்பமான கொட்டகையில் ஜூன் மாதம் வைத்தேன். வாயு கட்டி ஜாடி வெடித்தது. ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த காஸ்டர் போயிற்று, கண்ணாடித் துண்டு யார் கண்ணிலும் படாதது பெரிய அதிர்ஷ்டம். இப்போது கொழுப்பைச் சுத்தமாகச் சுரண்டி, அரைக்காயவிட்டு, முதல் வாரம் மூடியைத் தளர்வாக வைத்து, தினமும் ஒரு முறை திறந்து மூடுகிறேன். கடையில் விற்கும், கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் ஒரு சிட்டிகை சேர்ப்பவர்களும் உண்டு.

காஸ்டரைக் காசாக்கலாமா? வெனிலா ஐஸ்கிரீமில் போடுகிறார்களாமே?

நார்த் பே நகரில் நடக்கும் தோல் ஏலத்தில் காஸ்டர் பவுண்டுக் கணக்கில் போகும். தோல் விலை சரிந்த வருடங்களில் பல டிராப்பர்களுக்குக் காஸ்டர்தான் கை கொடுத்தது. வாசனைத் திரவியம் செய்பவர்கள் தோல் மணத்துக்காகவும், லூர் செய்பவர்கள் லூருக்காகவும் வாங்குகிறார்கள். உணவில் சேர்க்க அமெரிக்காவில் அனுமதி உண்டு என்றாலும் இன்று அப்படிச் சேர்ப்பது மிக அரிது. உங்கள் ஐஸ்கிரீமில் அது இல்லை என்று நம்பிச் சாப்பிடலாம்.

அனுமதி வேண்டுமா? ஆபத்து ஏதும் உண்டா?

லூர் செய்ய அனுமதி வேண்டாம், பொறி வைக்க அனுமதி வேண்டும். ஒன்டாரியோவில் உரிமம் வாங்க முதலில் டிராப்பர் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். பருவம், பொறியின் வகை இரண்டுக்கும் விதிகள் உண்டு. மனிதாபிமானப் பொறி முறை பற்றி 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு கனடா செய்த உடன்பாட்டின் கீழ் வரும் பிராணிகளில் பீவரும் ஒன்று. அதன்படி சான்று பெற்ற பொறிகளைத்தான் வைக்க வேண்டும். வேறு மாகாணத்தில் இருந்தால் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விதிகளைச் சுமையாக நினைக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எஃகுப் பொறியும் காஸ்டோரியமும் ஒன்றுசேர்ந்தபோது என்ன ஆனது என்பதை, அந்தக் காலத்தில் இந்த நாட்டை அளந்து நடந்த டேவிட் தாம்சன் எழுதிவைத்திருக்கிறார். வாசனைக்கு மயங்கி வந்த பீவர்கள் ஆறு ஆறாகத் துடைத்தெடுக்கப்பட்டன. பீவரை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்கள் ஏழைகளானார்கள். லூர் அவ்வளவு வலுவான கருவி.

நோய் விஷயத்தில் கவனம் தேவை. டுலரீமியா என்ற நோய் பீவர், மஸ்க்ராட் போன்றவற்றிலிருந்து மனிதருக்குத் தொற்றும், கையில் சின்ன வெட்டு இருந்தாலே போதும். ரப்பர் கையுறை இல்லாமல் உரிக்காதீர்கள். குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்கு நோய் வரலாம், இங்கே அதற்கே பீவர் காய்ச்சல் என்று பெயர். லூருக்கென்று பிர்ச் எண்ணெய் வாங்கினால் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள், கொஞ்சம் விழுங்கினாலே விஷம்.

கொல்ல மனமில்லை. எனக்கும் லூர் உதவுமா?

உதவும். இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பீவரை உயிரோடு பிடித்து வேறு ஓடைக்கு மாற்றுபவர்களும் கூண்டுப் பொறிக்குப் பக்கத்தில் காஸ்டர் கூழைத்தான் வைக்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்கும் அரசு அனுமதி தேவை, அதையும் குடும்பமாக மாற்ற வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இடம் தேடி வரும் இளம் பீவருக்கு அந்நிய வாசனை மேடு என்பது "இங்கே ஆள் இருக்கிறது, போ" என்ற செய்தி. 1980களில் டயட்லேண்ட் முல்லர்-ஷ்வார்ஸும் அவருடைய சகாவும் அமெரிக்காவில் காலி இடங்களில் செயற்கையாக மேடு அமைத்து, பீவர் வாசனையை இட்டுப் பார்த்தார்கள். அப்படிச் செய்த இடங்களில் புதிதாகக் குடியேறுவது குறைந்தது. வீட்டுக்காரரை வரவழைக்கும் அதே கூழ், வழிப்போக்கரைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் ஓடையில் இன்னும் பீவர் வரவில்லை என்றால், பனி உருகியதும் கரையோரம் நாலைந்து மேடு அமைத்து வாரம் ஒரு முறை கூழ் தடவிப் பாருங்கள். ஏற்கெனவே குடும்பம் இருந்தால் இது பலிக்காது. அப்போது மரங்களுக்குக் கம்பிவலை சுற்றுவது, அணையில் குழாய் செருகி நீர்மட்டத்தைத் தாழ்த்துவது என்று வேறு வழி பாருங்கள்.

கையிலும் துணியிலும் ஏறிய வாசனை எப்படிப் போகும்?

கைக்கு முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு. தண்ணீரை முதலில் ஊற்றினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காமல், இரண்டு நாள் வெளியே காற்றில் போட்டுவிட்டு, பேக்கிங் சோடாவில் ஊறவையுங்கள். ஜாடியை மட்டும் காருக்குள் திறக்காதீர்கள். சீட்டில் ஒரு சொட்டு விழுந்தால் அடுத்த வசந்தம்வரை இருக்கும்.